ஏரி வாரியத்துக்கு வெளியே ஒரு வக்கீல்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்கி 'கல்வெட்டுக் கோயில் எங்கே' என்று கேட்கிறவர்கள் எங்களுக்குப் பழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேராசிரியர்கள், டில்லியிலிருந்து வரும் அதிகாரிகள். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைக் காட்டி 'உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர்' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்க ஊர்ப் பேரைச் சொன்னார். அன்றைக்கு ஊரில் சிலருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் அன்று தண்ணீர் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் இருப்பது முதல் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறை. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். யார் பேரை ஓலையில் எழுதலாம் என்பதும் அதே சுவரில்தான் இருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதமும் மந்திர பிராமணமும் தெரிந்து, அடுத்தவனுக்கு ஓதிவைக்கவும் தெரிந்திருக்கணும். தின்னக்கூடாததைத் தின்றவன், பிராயச்சித்தம் பண்ணிச் சுத்தமாகிவிட்டாலும், சாகும் வரைக்கும் அவன் பேர் குடத்தில் விழாது. இது பிரம்மதேய ஊரின் சபை. பார்ப்பனர்கள் பார்ப்பனர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதற்குப் பேர் ஜனநாயகம் என்றால், எங்க ஆயா கோழிக்குஞ்சுகளைக் கூடையில் போட்டு எண்ணினதுகூட தேர்தல்தான்.

இந்தச் சபைக்குள்ளே பல வாரியங்கள் உண்டு. அதில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஏரிதான் அன்றைய சுற்றுச்சூழல், ஏரிதான் அன்றைய சக்தி. மதகைத் திறக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் ஊரின் சோறு இருந்தது. ஆக, எங்க ஊரின் முதல் சுற்றுச்சூழல் சட்ட வல்லுநர்கள் இந்த ஆறு பேர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டமும் தெரியும், பாடமும் நடத்துவார்கள். ஓதிவைப்பதுதானே தகுதியே.

இந்தப் பக்கத்து ஏரிகளில் மதகு திறக்கிறவன் யார்? நீர்க்கட்டி. எங்க தாத்தா நீர்க்கட்டி. மழைக்காலத்து ராத்திரியில் ஏரிக்குள் மூழ்கி மதகுக் கட்டையைத் தூக்கினவர். கரை உடைந்தால் மண்மூட்டையோடு முதலில் குதித்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று மனசிலேயே கணக்கு வைத்திருந்தவர். அவருக்குக் கால் வேலி இல்லை, கால் குழி கிடையாது. களத்தில் கிடைத்த மேரை நெல் கூலி. எத்தனை தலைமுறையாக எங்களாட்கள் இந்த வேலையைச் செய்தார்கள் என்று எந்தச் சுவரிலும் வெட்டி வைக்கவில்லை. ஏரி எங்கள் கையில், வாரியம் அவர்கள் வாயில்.

*

நான் வக்கீல். சட்டக் கல்லூரியில் படித்தபோது சுற்றுச்சூழல் சட்டம் ஒரு பாடம். நடத்த வந்தவர் பேர்பெற்ற வக்கீல். சூழல் வழக்குகளும் மின்சார வழக்குகளும் அவர் தொழில். பகலில் கோர்ட், சாயங்காலம் வகுப்பு. நல்லாத்தான் நடத்தினார், பொய் சொல்லக்கூடாது. 1972ல் ஸ்டாக்ஹோம் மாநாடு. 1974ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1980ல் ரத்லாம் நகராட்சி வழக்கு, நீதிபதி கிருஷ்ணய்யர். 1984ல் போபால். 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். பிறகு எம்.சி. மேத்தா, எம்.சி. மேத்தா, எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பு. அதே வருசம் டிசம்பரில் இறால் பண்ணைத் தீர்ப்பு. 2010ல் பசுமைத் தீர்ப்பாயம். இதுதான் வரிசை. தேர்வுக்கு இதை மனப்பாடம் பண்ணினால் பாஸ்.

ஒருநாள் எழுந்து கேட்டேன். "சார், பொதுக்குளத்துல தண்ணி எடுக்கிற உரிமைக்கு அம்பேத்கர் பத்து வருசம் கேஸ் நடத்தினாரே, அது இந்தப் பாடத்துல வராதா?" அவர் சிரித்தார். "அது சமூக நீதிப்பா. வேற பேப்பர்ல வரும்" என்றார். பக்கத்தில் இருந்தவன் காதில் 'ஆரம்பிச்சிட்டான்டா' என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது.

வேற பேப்பரிலும் வரவில்லை. அரசியல் சட்ட வகுப்பில் அம்பேத்கர் வருவார், கோட்டு சூட்டோடு, கையில் புத்தகத்தோடு, ஒரே ஒரு பக்கத்துக்கு. சிலை மாதிரியே வந்து சிலை மாதிரியே போவார். நம் ஊர்களில் அவர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்களே, பாடத்திட்டத்திலும் அதே கூண்டுதான்.

கூண்டைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே ஒரு வக்கீல் இருக்கிறார். 1922ல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர். 1923ல் பம்பாயில் தொழில் தொடங்கியவர். கூடவே ஒரு வாத்தியார் இருக்கிறார். 1918 முதல் 1920 வரை சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். அங்கே ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று மற்ற பேராசிரியர்கள் ஆட்சேபம் செய்தார்கள். படித்த பேராசிரியர்கள், பானைக்காக. 1928ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியர். 1935 முதல் 1938 வரை அதே கல்லூரியின் முதல்வர். சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்தணும் என்று 1936ல் கட்டுரையும் எழுதியவர். தொழிலும் பார்த்தார், பாடமும் நடத்தினார், தண்ணீர் கேஸும் நடத்தினார், பிறகு நாட்டின் மின்சாரத்துக்கும் ஆறுகளுக்கும் பொறுப்பேற்றார். இன்றைக்கு ஒருவர் இப்படி இருந்தால் 'சுற்றுச்சூழல் மற்றும் எரிசக்தி சட்ட வல்லுநர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வார். அம்பேத்கருக்கு மட்டும் அந்தக் கார்டைத் தர நம் சட்டக் கல்லூரிகளுக்கு ஏன் மனசு வரவில்லை?

*

மகாட் என்றால் நமக்கு ஒரு படம் தெரியும். 1927 மார்ச் 20ம் தேதி அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிறார். நம் மேடைகளில் பாடுவது அதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பத்து வருசம் நடந்த கோர்ட் கேஸைப் பற்றி நம் ஆட்களே பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முதலில் சட்டம் எங்கே இருந்தது என்று பாருங்கள். 1923ல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டசபை நிறைவேற்றியது. அரசுப் பணத்தில் கட்டின, பராமரிக்கிற கிணறு, குளம், சத்திரம் எல்லாம் தீண்டத்தகாதவர்களுக்கும் பொது. மகாட் நகராட்சியும் 1924ல் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. தரையில் திறக்கவில்லை. மூன்று வருசம் கழித்து மக்கள் ஊர்வலமாகப் போய்த் தண்ணீரைத் தொட்டதும் அடிவிழுந்தது. பிறகு குளத்தில் பானை பானையாகச் சாணியும் கோமியமும் ஊற்றி 'சுத்தம்' பண்ணினார்கள். ஒரு நீர்நிலையில் கழிவைக் கொட்டுவது மாசு என்று 1974ம் வருசச் சட்டம் சொல்கிறது. 1927ல் அதற்குப் பேர் சுத்திகரிப்பு. மனிதன் தொட்டது அசுத்தம், மாடு கழிந்தது சுத்தம். இந்த நாட்டில் மாசு என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் ரசாயனம் இல்லை, நாம். இதைச் சொல்லாமல் சுற்றுச்சூழல் சட்டத்தின் முதல் வகுப்பை எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த வருசம் டிசம்பரில் மறுபடி சத்தியாகிரகம் என்று அறிவித்தார்கள். ஆதிக்க சாதியார் உடனே சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். குளம் எங்களுக்கு மட்டுமே பாத்தியப்பட்டது, அனாதிகால வழக்கம், இவர்களைத் தொடவிடாமல் தடுக்கணும் என்று. பிரதிவாதி யார்? அம்பேத்கர். வக்கீலே பிரதிவாதி. டிசம்பர் 14ம் தேதி இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் மகாட்டில் கூடிவிட்டார்கள். இறங்கிவிடலாம் என்கிற கோபம். அங்கேதான் 25ம் தேதி மனுஸ்மிருதியை எரித்தார்கள். ஆனால் குளத்தில் இறங்கவில்லை. ஊர்வலமாகப் போனதோடு சரி. தடை உத்தரவை மீறவேண்டாம், வழக்காடுவோம் என்று அம்பேத்கர் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கும் அவரோடு சண்டை உண்டு. இறங்கியிருக்கலாமே என்று இருபது வயதில் நினைத்தேன். இப்போது தாலுகா கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா அலைகிற வயதில் வேறு மாதிரி தெரிகிறது. மனுவை எரித்த கையாலேயே சிவில் நடைமுறைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்? 1931ல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். அவர்கள் அப்பீல் போனார்கள். 1937 மார்ச் 17ம் தேதி பம்பாய் அய்கோர்ட்டில் நீதிபதி புரூம்ஃபீல்டு அப்பீலைத் தள்ளினார். குளம் நகராட்சி வசம் உள்ள பொதுச்சொத்து, அனாதிகால வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று.

தீர்ப்பைக் கவனியுங்கள். தீண்டாமை தப்பு என்று அது சொல்லவில்லை. வழக்கத்தை நிரூபிக்கத் தவறிவிட்டாய் என்றுதான் சொன்னது. நிரூபித்திருந்தால்? இது சின்ன ஜன்னல். ஆனாலும் அந்த ஜன்னல் வழியாக வந்த சட்டக் கருத்து பெரிசு. பொதுமக்கள் சார்பாக ஓர் அமைப்பின் கையில் இருக்கிற நீர்நிலையை ஒரு கூட்டம் தனக்கென்று பூட்டிவைக்க முடியாது. நம் பாடப்புத்தகத்தில் 'பொது நம்பிக்கைக் கோட்பாடு' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தது என்று நடத்துவார்கள். ஜோசப் சாக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970ல் எழுதினது, அதற்கும் முன்னால் 1892ல் சிகாகோ ஏரிக்கரைக்கு வந்த தீர்ப்பு, எல்லாம் சொல்வார்கள். இருக்கட்டும். சிகாகோ ஏரிக்குப் போகத் தெரிந்தவனுக்கு மகாட் குளத்துக்கு வழி தெரியாதா? இரண்டும் ஒரே கோட்பாடு என்று நான் வாதாடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தவே ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

*

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். 1946 வரை. எட்டு மணி நேர வேலை பற்றி மேடையில் பேசுவோம். அந்தத் துறையின் கீழேதான் பாசனமும் மின்சாரமும் இருந்தது என்பதை நாமே மறந்துவிட்டோம்.

1943 அக்டோபர் 25ம் தேதி டில்லியில் மின்சாரம், பொதுப்பணி பற்றின கொள்கைக் குழுவில் அவர் தலைமை உரை. அவர் போட்ட கேள்விகள் இன்றைக்கும் நம் மின்வாரிய வாசலில் நிற்கின்றன. மின்சாரம் தனியாரிடம் இருக்கணுமா, அரசிடமா? தனியாரிடம் என்றால் மக்கள் நலனுக்கு என்ன நிபந்தனை? பொறுப்பு மத்திக்கா, மாகாணத்துக்கா? இதை எதற்குக் கேட்டார்? விளக்கு எரிய அல்ல. நிலத்தை மட்டும் நம்பிக்கிடக்கிற கூட்டம் நிலத்திலேயே செத்துப்போகும், தொழில் வேணும், தொழிலுக்கு மலிவான, ஏராளமான மின்சாரம் வேணும் என்பது அவர் வாதம். நிலமில்லாதவன் நிலத்தை விட்டு வெளியேற மின்சாரம் ஒரு வழி. கிராமத்தைப் பற்றி அவர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். கிராமத்தை அலகாக எடுக்காமல் தனிமனிதனை அலகாக எடுத்ததற்குச் சந்தோசப்பட்டவர் அவர். அந்தத் தனிமனிதன் கிராமத்தை விட்டு ஓடக் கம்பி இழுத்துக் கொடுக்கப் பார்த்தவரும் அவரே.

அவர் காலத்தில்தான் 1944ல் மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் வந்தது. 1945 ஏப்ரலில் நீர்வழி, பாசன ஆணையம் வந்தது. இன்றைக்கு மத்திய நீர் ஆணையம் என்று டில்லியில் இருக்கிறதே, அதன் பழைய பேர் அது. 1943ல் தாமோதர் வெள்ளம் வங்காளத்தை அடித்துப்போட்டது. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் மாநாடு கூட்டினார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு மாதிரி, ஒரு நதியை மாகாண எல்லையால் அறுக்காமல் முழுசாகப் பார்க்கணும் என்பது அவர் நிலை. அதே வருசம் நவம்பரில் கட்டாக்கில் ஒரிசாவின் நதிகள் பற்றிப் பேசினார். வெள்ளத்தைச் சனியன் மாதிரி விரட்டாதே, பிடித்து வைத்தால் அது செல்வம் என்கிற பொருளில். எங்க நீர்க்கட்டித் தாத்தாவும் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லிகினு இருந்தார்.

பிறகு அரசியல் சட்டம். மாநிலங்களுக்கு இடையிலான நதித் தகராறுக்கு 262வது பிரிவு. 1949 செப்டம்பரில் அதைச் சபையில் முன்மொழிந்தவர் அவர். அதன் கீழேதான் 1956ல் நதிநீர்த் தகராறுச் சட்டம், அதன் கீழேதான் 1990ல் காவிரித் தீர்ப்பாயம். காவிரிக்காக ரயில் மறிக்கிற தமிழ்நாட்டுக் கட்சிகள் எத்தனை? அந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் பேரை ஒரு தடவை சொன்ன கட்சி எது? டெல்டாவில் மறியலுக்கு வருகிற அதே மிராசுதார் வீட்டில் அம்பேத்கர் படம் இருக்குமா? கேட்கக்கூடாது, தமிழர் ஒற்றுமை கெட்டுவிடும்.

*

இனி நம் பக்கத்தையும் கொஞ்சம் பேசணும். அம்பேத்கரைச் சாமியாக்கிக் கற்பூரம் காட்டுவது என் வேலை இல்லை.

பெரிய அணை, பெரிய மின்சாரம் என்றவரைச் சூழல் வக்கீல் என்று எப்படிச் சொல்வாய் என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாமோதரும் ஹிராகுட்டும் ஆதிவாசிகளின் ஊர்களை மூழ்கடித்தன. அணை கட்டி முடிந்தபோது அவர் பதவியில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் தப்பிக்கவில்லை. நதியைச் செல்வமாகப் பார்த்தவர், நதிக்கரைச் சனத்தைப் போதுமான அளவு பார்த்தாரா என்று நாம் கேட்கத்தான் வேணும்.

இன்னொன்று இதைவிடக் கசப்பு. சுரங்கத்துக்குள்ளே பெண்களை இறக்கக்கூடாது என்று 1937ல் போட்ட தடையை, போர்க்காலத்தில் நிலக்கரி வேணும் என்று 1943ல் அரசு தளர்த்தியது. அப்போது தொழிலாளர் உறுப்பினர் அம்பேத்கர். 1944 பிப்ரவரியில் சட்டசபையில் அதற்கு வக்காலத்து வாங்கினவரும் அவர். தற்காலிகம் என்றார், ஆணுக்குச் சமமான கூலி என்றார். 1943 டிசம்பரில் தன்பாத் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தவர், நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கு 1944ல் அவசரச் சட்டம் கொண்டுவந்தவர். எல்லாம் சரி. கர்ப்பிணி இறங்கின குழி குழிதானே. 1946ல்தான் தடை மறுபடி வந்தது. தலித், ஆதிவாசிப் பெண்கள் தோண்டின கரியில் எரிந்த விளக்கு அது. இதை நம் பத்திரிகையில் நாமே எழுதாவிட்டால் வேறு யாராவது நமக்கு எதிராக எழுதுவான்.

இத்தனைக்கும் பிறகு ஏன் அவரைச் சூழல் வக்கீல் என்கிறேன்? தண்ணீர் யாருடையது, மின்சாரம் யாருக்கு என்று கேட்டவர் அவர். இந்த நாட்டுச் சூழல் சட்டம் தண்ணீர் எவ்வளவு கெட்டது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறது. அது கேட்கவேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. பாலாற்றைத் தோல் கழிவு தின்றதை எதிர்த்து 1996ல் வந்த தீர்ப்பு நமக்கும் வேணும். ஆற்றங்கரை நிலம் பாழானதில் நம் ஆட்களின் துண்டு நிலமும் போச்சு. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடு, கமிட்டி போடு என்று உத்தரவிடவேண்டி வந்தது. இருபத்தெட்டு வருசம். ஆனால் தோல் ஊறவைத்த தொட்டிக்குள் இறங்கினவன் யார், தொழிற்சாலை மூடினபோது கூலி போனது யாருக்கு என்பது எந்த வகுப்பிலும் கேள்வியாக வரவில்லை. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னதே, அது ஏன் சூழல் பாடத்தில் இல்லை? சாக்கடை சூழல் இல்லையா? கானமயில் மின்கம்பியில் அடிபட்டுச் சாகிறதென்று நடந்த வழக்கில் 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காப்பாற்றப்படுவது ஓர் உரிமை என்றார்கள். நல்ல தீர்ப்பு. கானமயிலுக்கு வக்கீல் கிடைத்தார் என்பதில் எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

வேங்கைவயலை எடுங்கள். 2022 டிசம்பர். புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம். தண்ணீர் மாசு என்றால் இதற்குமேல் என்ன மாசு? சூழல் அமைப்புகள் எத்தனை அங்கே போயின? 'அது சாதிப் பிரச்சினை' என்று சொல்லிவிட்டார்கள், என் வாத்தியார் 'வேற பேப்பர்' என்று சொன்ன மாதிரி. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, அந்தத் தெரு இளைஞர்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. குடித்தவனே கலந்தான் என்று.

*

எங்க ஊருக்கு வருகிறேன்.

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்கள் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலம் மிராசுதாருடையது, குடிசை போட்ட மனையும் மிராசுதாருடையது என்று. அதன் பேரில் 1892ல் வந்தது பஞ்சமி நிலம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். இதுவும் எந்தச் சூழல் பாடத்திலும் இல்லை. நிலமும் சூழல் இல்லை போல.

நிலம் இல்லாதவனுக்குப் பம்புசெட் இல்லை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். விவசாயிக்கு இலவசம் வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். ஆனால் அந்த இலவசம் எந்த வழியாக ஓடுகிறது பாருங்கள். கம்பி வழியாக மோட்டார் கொட்டாய்க்குப் போகிறது. மோட்டார் நூறடி, இருநூறடி, முந்நூறடி என்று கீழே போகிறது. சேரிக் கிணறு முப்பதடி. ஒரு கோடையில் எங்க கிணறு காய்ந்து, திரும்பி வரவில்லை. பொண்ணுங்க குடத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ஓடுகிற கொல்லிக்குப் போய் நின்றார்கள். 'தொட்டிக்குள்ள குடத்தை வுடாத, குழாய்ல வர்றதப் புடி' என்றான் ஆண்டைவீட்டுப் பையன். என் அம்மா புடிச்சிகினு வந்தாங்க. எங்க வீட்டுக்கு அப்போது குடிசை லைன், ஒரே ஒரு பல்பு. அதுவும் இலவசம்தான். அவனுக்கும் இலவசம், எங்களுக்கும் இலவசம். ஒரே மின்வாரியம். அவன் இலவசம் பூமிக்கடியில் இருந்த எங்க தண்ணியை எடுத்துகினு போச்சு, எங்க இலவசம் காலிக் குடத்துக்கு வெளிச்சம் காட்டிச்சு.

மின்சாரத்தில் சாதி இருக்கிறதா என்று கேட்கிற எரிசக்திச் சட்ட வல்லுநர்கள் இந்த இரண்டு மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பம்புசெட்டுக்கு ரொம்ப நாள் மீட்டரே கிடையாது என்பது வேறு கதை.

அப்புறம் மலை. திருமுக்கூடல், சாலவாக்கம் பக்கம் வந்தால் தெரியும். மலை இருந்த இடத்தில் பள்ளம். கிரஷர், எம்-சாண்ட், டிப்பர் லாரி. வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிகிறது. யார் வீட்டுச் சுவர்? குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பது யாரோ அவன் வீட்டுச் சுவர். 2021 பிப்ரவரியில் மதூர் குவாரியில் பாறை சரிந்தது, உள்ளே இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பேப்பரில் இரண்டு நாள் வந்தது. சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. காகிதத்தில் குளம் திறந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான் போயிருந்தேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். ஊர்க்காரர்கள் முன்வரிசை. எங்க தெரு ஆட்கள் ஓரமாக வெயிலில். மேடையில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம். ஆலோசகர் படித்தார். 'திட்டப் பகுதியைச் சுற்றி நீர்நிலைகளுக்குப் பாதிப்பு இல்லை.' எங்க தெருவிலிருந்து ஒரு அம்மா எழுந்தாங்க. "இன்னாங்க, எங்க கெணறு எதுல வருது, நீர்நிலையா இல்லியா?" என்றாங்க. அறிக்கையில் அந்தக் கிணறே இல்லை. வரைபடத்தில் சேரி இருந்த இடத்தில் வெறும் தரிசு. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஒக்காரும்மா, படிச்சவங்க பேசறாங்க" என்றார்.

ஏரி வாரியத்தில் ஆறு பேர் என்று சொன்னேனே. அந்த ஆறு பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கு லேப்டாப் இருக்கிறது.

அந்த அம்மாவின் கேள்வியை எழுத்தில் வாங்கி, கூட்ட நடவடிக்கையில் ஏற்றச் சொல்லி அங்கேயே மனுக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசில் ரசீது வாங்கினேன். நடவடிக்கைக் குறிப்பு வந்தபோது 'பொதுமக்கள் வேலைவாய்ப்பு கோரினர்' என்று இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் வீடியோப் பதிவு கேட்டேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். கிணற்றை நாங்களே அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு அமாவாசைக்கும் தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதிவருகிறோம். எழுதுவது பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு. நீர்க்கட்டியின் கொள்ளுப்பேத்தி.

ஞாயிற்றுக்கிழமை எங்க தெரு நூலகத்தில் வகுப்பு எடுக்கிறேன். சட்டம் படிக்கணும் என்று சொல்கிற ஏழெட்டு பிள்ளைகள் வருவார்கள். ஒரு வாரம் ஸ்டாக்ஹோம் நடத்தினேன். தூங்கிட்டாங்க. அடுத்த வாரத்துக்கு மகாட் தீர்ப்பைத் தமிழில் சுருக்கி எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், பத்துப் பிரதி. அந்தப் பொண்ணு கிணற்று நோட்டையும் எடுத்துகினு வரேன்னு சொல்லியிருக்கு. 'வழக்கத்தை நிரூபிக்கணும்னா எத்தனை வருசக் கணக்கு வேணும் அண்ணா?' என்று கேட்டது. நோட்டில் இப்போதைக்கு பதினாலு அமாவாசை ஆகியிருக்கிறது.